ஓடிபி அக்கா

சின்னாத்தாள் ஃபேஷன்ஸில் முத்துப்பேச்சிக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அவளுடைய குரலுக்காகக் கிடைத்தது. திருப்பூரில் கைவேகத்துக்காக உயர்ந்தவர்கள் உண்டு. கணக்கில் புலி என்று பெயரெடுத்து உயர்ந்தவர்கள் உண்டு. முதலாளிக்குச் சொந்தம் என்பதற்காக உயர்ந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. தொண்டைக்காக உயர்ந்தவள் அநேகமாக இவள் ஒருத்திதான்.

கம்பெனி வேலம்பாளையத்தில் இருக்கிறது. குழந்தைகளுக்கான பனியனும் டி-ஷர்ட்டும் தைத்து, இடைத்தரகு நிறுவனம் ஒன்றின் வழியாக வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். முதலாளி அப்புசாமி சேவூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். கம்பெனிக்குத் தன் தாயார் பெயரை வைத்தார். பெயர் பழசாக இருக்கிறதே என்று யாரோ சொன்னதற்காக ஃபேஷன்ஸ் என்பதைச் சேர்த்துக்கொண்டார். கீழ்த்தளத்தில் தையல் லைனும் செக்கிங் மேசைகளும். மாடியில் கம்ப்யூட்டர் அறை. இரண்டுக்கும் நடுவே படிக்கட்டின் அடியில் ஒரு மேசை, அதன்மேல் எப்போதும் சார்ஜரில் கிடக்கும் ஒரு கைப்பேசி.

அந்தக் கைப்பேசிதான் கம்பெனி என்று சொன்னாலும் தப்பில்லை. அப்புசாமி தொழில் தொடங்கிய நாளில் வாங்கிய எண் அதில் இருந்தது. வாசல் பலகையில், பில் புத்தகத்தில், வங்கியில், ஜி.எஸ்.டி.யில், சாயப்பட்டறையில், லாரி ஆபீசில் என்று எங்கு பார்த்தாலும் அதே எண். ஆகவே எந்தக் கதவைத் திறக்க வேண்டுமென்றாலும், அதற்கான ஆறு இலக்க எண் அந்தக் கைப்பேசிக்குத்தான் வந்து விழும். ஓடிபி. கணக்கர் தீனதயாளன் மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பார். எண் கீழே வரும். நடுவில் தையல் மெஷின்களின் இரைச்சல்.

முத்துப்பேச்சி அப்போது செக்கிங் மேசையில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கணவன் மூக்கையாவோடு பஸ் ஏறி வந்தவள். பத்தாவது வரை படித்திருந்தாள். ஒருநாள் மேசையில் ஆள் இல்லாத நேரத்தில், மாடியிலிருந்து தீனதயாளன் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருப்பதைக் கேட்டு, கத்தரியைக் கீழே வைத்துவிட்டுப் போய், கைப்பேசியைப் பார்த்து எண்ணைச் சொன்னாள். "டபுள் ஃபோர், நைன், செவன், டபுள் டூ." ஓவர்லாக் மெஷின்களைத் தாண்டி, படிக்கட்டைத் தாண்டி, மூடியிருந்த கண்ணாடிக் கதவையும் தாண்டி அது போய்ச் சேர்ந்தது. மறுவாரமே அவளுக்கு அந்த மேசையும் நாற்காலியும் கிடைத்தன.

மேசையோடு வேறு வேலைகளும் வந்தன. லைனில் கைப்பேசி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது கம்பெனி விதி. காலையில் எல்லாப் பெண்களும் தங்கள் போனை அவள் பின்னாலிருக்கும் மர அடுக்கில் வைத்துவிட்டுப் போவார்கள். டீ இடைவேளையில் எடுத்துக்கொள்வார்கள். அவர்களுடைய பி.எஃப். வேலைகளையும் அவளே பார்த்தாள். ஆதார் இணைப்பது, பிறந்த தேதியைத் திருத்துவது, கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ முன்பணம் கேட்டு விண்ணப்பம் போடுவது. அதற்கும் ஓடிபி உண்டு. அது அந்தந்தப் பெண்ணின் போனுக்கு வரும். ஒவ்வொரு முறையும் லைனிலிருந்து அவர்களைக் கூப்பிட்டால் சூப்பர்வைசர் முறைப்பார். அதனால் பெண்கள் தங்கள் போன் திறக்கத் திரையில் விரலால் போடும் கோட்டை அவளுக்குக் காட்டி வைத்திருந்தார்கள். இவளுக்கு எல் மாதிரி, அவளுக்கு நாற்காலி மாதிரி, ராஜபாளையத்துக்காரிக்கு மீன் மாதிரி. அவளே திறப்பாள், அவளே எண்ணை எடுப்பாள், அவளே போட்டு முடிப்பாள்.

அவளை ஆபீஸ் அக்கா என்றார்கள். பின்னால் அது ஓடிபி அக்கா ஆயிற்று. கேலிதான், ஆனால் முத்துப்பேச்சிக்கு அது பிடித்திருந்தது. ஊரில் நிலமில்லை, இங்கே சொந்த வீடில்லை, குழந்தையும் தங்கவில்லை. அத்தனை பெண்கள் போனை நம்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார்களே, அந்தப் பெயர்தான் அவளுக்கென்று இருந்தது. அது போனால் தனக்கு ஒன்றுமில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இப்படி இருக்கையில் இடைத்தரகு நிறுவனத்திலிருந்து ஒரு மெயில் வந்தது. தகவல் பாதுகாப்பில் பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவராவது இருக்க வேண்டும், சான்றிதழ் காட்ட வேண்டும் என்று. முதலாளியின் மகன் ரித்தீஷ் எம்.பி.ஏ. முடித்துவிட்டு அப்போதுதான் கம்பெனிக்கு வரத் தொடங்கியிருந்தான். தீனதயாளனை அனுப்பலாம் என்றான். தீனதயாளனுக்கு மாதக் கடைசி. "போன் அக்கா கையிலதானே இருக்குது, அவங்களே போகட்டும்" என்று முடிவாயிற்று.

வகுப்பு அவினாசி ரோட்டில் ஒரு சங்கக் கட்டடத்தில் நடந்தது. ஏசி, மத்தியானச் சாப்பாடு, ஆளுக்கொரு பேனா. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் நன்றாகவே பாடம் எடுத்தாள். கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் கோப்பைத் திறந்தால் போனே போய்விடும் என்றாள். ஊரறிந்த கோட்டைப் போட்டுப் போனைப் பூட்டுவதும் திறந்து வைப்பதும் ஒன்றுதான் என்றாள். முத்துப்பேச்சி எல், நாற்காலி, மீன் எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். கடைசியாக ஓடிபிக்கு வந்தாள் அந்தப் பெண். "யாருக்கும் சொல்லாதீங்க. பேங்க் மேனேஜர் கேட்டாலும் சரி, போலீஸ் கேட்டாலும் சரி."

முத்துப்பேச்சி கையைத் தூக்கினாள். "மொதலாளி கேட்டா?"

அரங்கமே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள். "முதலாளி கேட்டாலும்தான்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே சாப்பாடு தயார் என்று வாசலில் ஒருவர் வந்து நின்றார். எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அன்று அந்த மண்டபத்தில் முழுப் பதில் தேவைப்பட்ட கேள்வி அது ஒன்றுதான் என்பது யாருக்கும் படவில்லை. பிரியாணி நன்றாக இருந்தது என்று முத்துப்பேச்சி வீட்டில் சொன்னாள்.

படித்ததை அப்படியே செய்கிற சுபாவம் அவளுக்கு. மறுநாள் காலை மாடியிலிருந்து தீனதயாளன் குரல் கொடுத்தார். "அக்கா, ஓடிபி."

அவள் கைப்பேசியைச் சார்ஜரிலிருந்து பிடுங்கிக்கொண்டு படியேறிப் போய், அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். வாயால் சொன்னால்தானே சொன்னதாகும், காட்டினால் ஆகாது என்று ராத்திரி யோசித்து வைத்திருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு அவள் நின்றபோது எண்ணின் காலம் முடிந்திருந்தது. மறுபடி வரவழைத்தார்கள். அதற்குள் அவள் கீழே இறங்கியிருந்தாள். இப்படி நாலைந்து முறை. தீனதயாளன் நல்ல மனிதர், அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமலிருந்தார்.

மத்தியானம் ஆடிட்டர் ஆபீசிலிருந்து குணா கூப்பிட்டான். ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்கிறவன். வருஷக்கணக்காக வாரத்துக்கு ரெண்டு தடவையாவது அவளிடம் எண் கேட்பவன்.

"சொல்லக்கூடாதாம் தம்பி" என்றாள் முத்துப்பேச்சி. போனில் பேசும்போது அவளுக்குக் கொங்கு பாஷை தானாக வந்துவிடும். "கிளாஸ்ல சொல்லியிருக்காங்க. வருத்தப்படாதீங்க."

"அக்கா, நானுங்க. குணா."

"தெரியுமுங்க. இருந்தாலும் சொல்லக் கூடாதுங்க."

அதே நேரம் வாசலில் மாரப்பனின் டெம்போ துணி ரோல்களை ஏற்றிக்கொண்டு கிளம்ப முடியாமல் நின்றது. பின்னால் சுருங்காதபடி துணியை அழுத்தித் தரும் காம்பாக்டிங் யூனிட்டுக்குப் போக வேண்டிய துணி. வழியில் காட்ட ஈ-வே பில் எடுக்க வேண்டும், அதற்கும் எண் வேண்டும், தீனதயாளன் வங்கிக்குப் போயிருந்தார், அவர் அங்கிருந்து கூப்பிட்டுக் கேட்டால் இவள் மாட்டேன் என்கிறாள். மாரப்பன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனான். கடைசியில் அப்புசாமியே இறங்கி வந்தார். அவர் யாரையும் சத்தம்போட்டுப் பேசி அந்தக் கட்டடம் கேட்டதில்லை.

"ஏனம்மிணி, வண்டி நின்னுட்டிருக்குதாமே. என்ன ஆச்சுங்க?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அவங்க சொன்னது சரித்தானுங்க. ஆனா அது வெளியாளுகளுக்கு அம்மிணி. குணா நம்ம ஆளு, தீனா நம்ம ஆளு. நம்ம ஆளுக்குச் சொல்றதுல என்ன வந்துரப் போவுது? தொழில் ஓடோணுமுங்களே."

நியாயமாகத்தான் பட்டது. திருப்பூரே அப்படித்தான் ஓடுகிறது. நூல் வருவது நம்ம ஆளிடம், சாயம் போடுவது நம்ம ஆள், வண்டி நம்ம ஆளுடையது. கையெழுத்தில்லாமல், காகிதமில்லாமல், ஒரு போனில் கோடிக்கணக்கான துணி இடம் மாறுகிற ஊர் இது. முத்துப்பேச்சிக்கும் பெரிய நிம்மதி. தீனதயாளனைக் கூப்பிட்டு ஓங்கிய குரலில் எண்ணைச் சொன்னாள்; டெம்போ கிளம்பியது. சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாடியில் மாட்டினார்கள். பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருந்தது, யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சில மாதங்கள் கழித்து, பெட்டி கட்டும் பரபரப்பில் இருந்த ஒரு மத்தியானம், மேசைக் கைப்பேசி அடித்தது.

"ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து பேசுறேன். லாகின் பண்றோம், ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க."

புதுக்குரல். முத்துப்பேச்சி விசாரிக்காமல் இல்லை. "குணா தம்பி இல்லீங்களா?" என்று கேட்டாள்.

"குணா இன்னைக்கு லீவு. நான் புதுசா சேர்ந்திருக்கேன்."

குணா என்ற பெயரை எடுத்துக் கொடுத்தது தானேதான் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. அந்த ஆள் 'பேசுறேனுங்க', 'லீவுங்க' என்று இந்த ஊர் ஆட்களைப் போல ஒருமுறைகூட 'ங்க' ஒட்டவில்லை. இந்தப் பக்கத்துக்காரர் யாராவது எடுத்திருந்தால் அதுவே காதில் இடறியிருக்கும். இவள் தெற்கத்திக்காரி, அவளுக்கு அது வீட்டுப் பேச்சு மாதிரிதான் கேட்டது. வந்த செய்தியில் வாட்ஸ்அப் என்று போட்டிருந்தது. யாரிடமும் பகிர வேண்டாம் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. வங்கிச் செய்தியிலும் அதே வாசகம், வரித்துறைச் செய்தியிலும் அதே வாசகம். தினமும் பார்த்துப் பார்த்து அவள் கண் எண்ணை மட்டும் பொறுக்கியெடுக்கப் பழகியிருந்தது. சொல்லிவிட்டு, "சரியா வந்துருச்சுங்களா?" என்றும் கேட்டாள். வந்துவிட்டது என்றான்.

கொஞ்ச நேரத்தில் கம்பெனி வாட்ஸ்அப் மூடிக்கொண்டது. இந்த எண் வேறொரு போனில் பயன்பாட்டில் இருக்கிறது என்று திரை சொன்னது. அவள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். ரித்தீஷ் வாங்கிப் பார்த்தான், தீனதயாளன் வாங்கிப் பார்த்தார், ரித்தீஷ் மறுபடி வாங்கிப் பார்த்தான். யார் கூப்பிட்டது, என்ன சொன்னீர்கள், எத்தனை மணிக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அவள் நின்றபடியே ஒப்பித்தாள். எண்ணைத் திரும்ப வாங்கப் பார்த்தால், திருடன் அதற்குள் ரகசிய எண் ஒன்றைப் போட்டுப் பூட்டியிருந்தான். ஒரு வாரம் காத்திருக்க வேண்டும் என்றது வாட்ஸ்அப்.

"சர்டிபிகேட் வாங்கியிருக்கீங்கல்ல?" என்றான் ரித்தீஷ். அது அவன் தலைக்குப் பின்னால்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"விடு கண்ணு" என்றார் அப்புசாமி. நம்ம ஆளுக்குச் சொல்லலாம் என்று தான் சொன்னதை அவர் சொல்லவில்லை. அவளும் ஞாபகப்படுத்தவில்லை. அந்த அறையில் அது ஒரு ஆளைப் போல உட்கார்ந்திருந்தது, எல்லாரும் அதைச் சுற்றிக்கொண்டு பேசினார்கள்.

அவள் மாடியில் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் கீழே டீ இடைவேளை மணி அடித்தது. பெண்கள் அடுக்கிலிருந்து போனை எடுத்தார்கள். கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் இருந்த ஒவ்வொருவருக்கும் கம்பெனி எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. கம்பெனிச் செய்திகள் பாதி ஆங்கிலத்தில்தான் வரும், யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆறு என்ற இலக்கமும் கோட் என்ற சொல்லும் புரிந்தன. மேலே ஆபீஸ் அக்காவின் எண். எஸ்.எம்.எஸ்.ஸில் வந்திருந்த எண்ணை எடுத்து அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். ஏன், எதற்கு என்று ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்காமல் கொடுக்கப் பழக்கியவளே முத்துப்பேச்சிதான். அவள் தன் நாற்காலியில் மட்டும் இருந்திருந்தால் ஒரு சத்தம் போதும், அத்தனை கையும் நின்றிருக்கும். அதை நினைத்து அவள் பின்னால் பலநாள் தூங்கவில்லை.

எல்லாப் பெண்களின் வாட்ஸ்அப்பும் ஒவ்வொன்றாகப் போயிற்று. அங்கிருந்து அவர்கள் சொந்தக்காரர்களுக்குச் செய்தி பறந்தது. ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், அவசரம், இருப்பதை அனுப்பு. சிலர் போன் செய்து விசாரித்துத் தப்பித்தார்கள். சிலர் அனுப்பிவிட்டு அப்புறம் விசாரித்தார்கள். தீனதயாளன் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் சொன்னார். ரித்தீஷ் பெண்களைக் கூட்டி வைத்து, வந்த செய்தி போலி என்று வீட்டுக்கெல்லாம் போன் செய்யச் சொன்னான்.

செக்கிங்கில் ஆஷா என்றொரு பெண். நாசரேத் பக்கம் ஊர். கல்யாணமாகி இங்கே வந்தவள், அப்போது நாலு மாதக் கர்ப்பம். அவள் வீட்டுக்குப் போன் போட்டபோது தம்பிதான் எடுத்தான். செய்தி தன் போனுக்குத்தான் வந்தது, உடனே உன்னைக் கூப்பிட்டோம், நீ எடுக்கவில்லை, அம்மா இருந்ததை அனுப்பச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள் என்றான். அம்மா கையில் போன் கிடையாது.

விடிந்ததும் ஆஷா தெற்கத்தி பஸ்கள் வரும் கோவில்வழி பஸ் ஸ்டாண்டில் போய் நின்றாள். அம்மாவோ முந்தின பஸ்ஸில் வந்து இறங்கி, கம்பெனி பெயரைக் கேட்டுக் கேட்டு, டவுன் பஸ் மாறி, வாசலுக்கே வந்துவிட்டாள். கேட்டைத் திறந்துகொண்டிருந்தவள் முத்துப்பேச்சி. அன்று சீக்கிரமே வந்திருந்தாள், வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

"எம்மவ ஆஷா. எந்த ஆஸ்பத்திரில போட்டிருக்காவ?" கையில் ஒரு துணிப்பை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஆஸ்பத்திரில இல்லம்மா. நல்லாருக்கா. ஒங்களத் தேடித்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கா."

"பொய் சொல்லாதம்மா. புள்ளைக்கு ஏதும் ஆயிட்டுன்னாலும் சொல்லிரு. நான் தாங்கிக்கிடுவேன்."

"சத்தியமா நல்லாருக்கா. அந்தச் செய்தி அவ அனுப்பினது இல்ல. எவனோ ஒரு திருட்டுப்பய."

அம்மா நம்பவில்லை. ராத்திரி முழுக்க வயிற்றுப் பிள்ளை போய்விட்டதென்றே நினைத்துக்கொண்டு வந்தவள், இவள் ஆறுதலுக்காகச் சொல்கிறாள் என்று எண்ணினாள். கேட்டை ஒட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். டீ வாங்கி வந்து நீட்டினால் தொடவில்லை. கண்ணை மூடி வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டே இருந்தாள். முத்துப்பேச்சி ஆறிப்போகிற டீயைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். தையல் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து இருவரையும் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்கள்.

ஆஷா வந்ததும் அம்மா எழுந்து, முதலில் அவள் வயிற்றில் கையை வைத்தாள். அப்புறம் முகத்தை, தோளை, கையைத் தடவிப் பார்த்தாள். அப்புறம்தான் அழுகை வந்தது. அழுது ஓய்ந்ததும், போனுக்கு வந்த நம்பரைக் கேட்டு வாங்கித் திருடியதை ஆஷா சொன்னாள்.

"ஏட்டி, நீ யாருக்கு அந்த நம்பர அனுப்புன?"

ஆஷாவின் கண் ஒரு நொடி முத்துப்பேச்சி பக்கம் போய்த் திரும்பியது. அம்மா புரிந்துகொண்டாள். திட்டுவாள் என்று முத்துப்பேச்சி காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் போலவும் இருந்தது.

"நீயும் நம்ம பக்கத்துப் புள்ளதானம்மா, பேச்சுலயே தெரியுது" என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள்.

அன்று முத்துப்பேச்சி கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் சத்தத்தில் அழுதாள். வேலையை விட்டுவிடலாமா என்று வீட்டில் மூக்கையாவிடம் கேட்டாள். அவன் வேறொரு கம்பெனியில் டெய்லர். சோற்றைப் பிசைந்துகொண்டே, "விட்டா அந்தப் பிள்ளைகளுக்கு பி.எஃப். யாரு பாப்பா?" என்றான். அது ஆறுதலா, குத்தலா என்று அவளுக்கு விளங்கவில்லை.

கம்பெனி எண் ஒரு வாரத்தில் திரும்பக் கிடைத்தது. ரித்தீஷ் அதைப் புதுப் போனில் போட்டு, வேறு ரகசிய எண் வைத்து, மாடியிலேயே வைத்துக்கொண்டான். வரிக்கும் ஈ-வே பில்லுக்கும் தீனதயாளனின் சொந்த எண்ணைப் பதிந்தார்கள். கீழிருந்து யாரும் எதையும் கத்திச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. அப்புசாமி அவளை வேலையிலிருந்து எடுக்கவில்லை, மேசையையும் எடுக்கவில்லை. போன் அடுக்கும் பி.எஃப். வேலையும் அவளிடமே இருந்தன. வாசலில் பார்த்தால் முன்போலவே, "சாப்பிட்டீங்களா அம்மிணி?" என்று கேட்டார். ஆனால் அடுக்கில் போன் வைக்கும்போது பெண்கள் முன்போல அவளிடம் வாயாடவில்லை. ஓடிபி அக்கா என்று ஒருத்தியும் கூப்பிடவில்லை. அந்தக் கேலி நின்றுபோனது அவளை உறுத்தியது.

ஒருநாள் டீ இடைவேளையில் அவளே எழுந்து செக்கிங் ஹாலுக்குப் போனாள். மேசை மேசையாக நின்று சொன்னாள். குரல் எப்போதும் வருவதில் பாதியாகத்தான் வந்தது.

"எல்லாரும் போன் கோட்ட மாத்துங்க. மாத்தினத எனக்குச் சொல்லாதீங்க. வாட்ஸ்அப்ல ரெண்டாவது பூட்டு ஒண்ணு இருக்கு, எப்படிப் போடணும்னு காட்டுதேன், நம்பர நீங்களே நெனச்சு நீங்களே போடுங்க. ஓடிபி எவன் கேட்டாலும் சொல்லாதீங்க. நானே கேட்டாலும் சொல்லாதீங்க. எதுத்தாப்ல உக்காந்து கேட்டாலும் சொல்லாதீங்க."

சிலர் சிரித்தார்கள். சிலர் அங்கேயே மாற்றினார்கள். ராஜபாளையத்துக்காரி மீனை அழித்துவிட்டு வேறு ஏதோ போட்டாள். முத்துப்பேச்சி ஒவ்வொருத்தியின் பின்னாலும் நின்று, எந்த இடத்தில் தொட வேண்டும் என்று மட்டும் சொன்னாள். மனத்துக்கு லேசாக இருந்தது. உண்மையைச் சொன்னால், நானே கேட்டாலும் என்று சொன்னபோது அவள் அதை ஒரு பேச்சுக்காகத்தான் சொன்னாள். தன்னிடம் மறைப்பார்கள் என்று அவள் நினைக்கவில்லை.

ஏழாம் மாதத்தில் ஆஷா வந்தாள். பிரசவத்துக்கு ஊருக்குப் போகிறாள், பி.எஃப். முன்பணத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும். அந்தச் சம்பவத்துக்கப்புறம் இருவரும் நல்லபடியாகப் பேசிக்கொண்டது கிடையாது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள் முத்துப்பேச்சி. விவரங்களைக் கேட்டுக் கேட்டு நிரப்பினாள். அம்மா எப்படி இருக்காக என்று விசாரித்தாள். நல்லாருக்கா என்றாள் ஆஷா. கடைசிக் கட்டம் வந்தது. ஆஷாவின் போன் ஒலித்தது. முத்துப்பேச்சியின் விரல்கள் விசைப்பலகைமேல் தயாராக நின்றன.

"ம், சொல்லு."

வாய் தானாகக் கேட்டுவிட்டது. ஆஷா போனைத் திரை தெரியாதபடி வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தாள்.

"சொல்லு புள்ள. நேரம் ஓடிரும்."

"நீங்கதானக்கா சொல்லக்கூடாதுன்னு சொன்னிய."

"அட, இப்ப நாந்தான கேக்கேன்."

"நானே கேட்டாலும்னு சொன்னிய. எதுத்தாப்ல உக்காந்து கேட்டாலும்னு."

ஆஷாவின் குரலில் கோபமில்லை, குத்தலும் இல்லை. ஒரு விதியை ஞாபகப்படுத்துகிற குரல்தான். முத்துப்பேச்சிக்கு வலித்தது. எத்தனையோ தடவை இதே பெண்ணின் போனைத் திறந்து, இதே எண்ணை எடுத்தவள் அவள். ஆஷா செய்வது சரி என்பதும், தான் சொன்னதைத்தான் அவள் செய்கிறாள் என்பதும் தெரிந்தன. தெரிந்ததால் வலி குறையவில்லை.

நாற்காலியை விட்டு எழுந்தாள். "இங்க வந்து ஒக்காரு. நீயே போடு."

ஆஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்ந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அதற்குள் எண்ணின் காலம் முடிந்திருந்தது. எங்கே தொட வேண்டும் என்று முத்துப்பேச்சி சொன்னாள், ஆஷா தொட்டாள். புது எண் வந்தது. ஆஷா போனை எடுத்தாள், விசைப்பலகையைப் பார்த்தாள், அப்புறம் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள்.

"அக்கா, அந்தப் பக்கம் பாக்கியளா?"

முத்துப்பேச்சி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஹாலில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பின்னால் ஒற்றை விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தேடித் தேடி அழுத்தும் சத்தம் கேட்டது.

"ஆயிட்டுக்கா. இப்பத் திரும்புங்க."

முத்துப்பேச்சிக்குத் திரும்பக் கொஞ்ச நேரம் ஆயிற்று.